களிமண்ணில் பதிந்த நட்சத்திர மீன்

"பீங்கான் கம்பெனி ஊருக்காரி நீ. கடலையே இன்னிக்குத்தான் பாக்குற. நட்சத்திர மீனு என்ன வகைன்னு நீ சொல்லப் போறியாடி?" என்று, விலங்கியல் வகுப்போடு போயிருந்த கடலூர்க் கரையில் கல்லூரித் தோழி சிரித்தாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்; விலங்கியலில் தோற்க மனமில்லை. அப்பா வேலை செய்யும் பீங்கான் கம்பெனியின் களிமண்ணை டிபன் பாக்ஸில் கொண்டு போயிருந்தேன். ஈர மணலில் உயிரோடு கிடந்த நட்சத்திர மீனின் முதுகை அதில் மெல்லப் பதித்துவிட்டு, மீனை மறுபடி தண்ணீரில் விட்டேன்.

தோழி பையில் போட்டுக்கொண்டு வந்த நட்சத்திர மீன் பஸ் நெரிசலில் கை ஒடிந்து நசுங்கிவிட்டது. என் களிமண்ணிலோ கைகளின் ஓரத்துத் தகடுகள் வரிசையாகத் தெரிந்தன. புத்தகப் படத்தோடு ஒப்பிட்டு, ஆஸ்ட்ரோபெக்டன் என்ற வகை என்று வகுப்பில் எழுதிக் கொடுத்தேன். சரியாக இருந்தது.

"அடுத்த தடவ எனக்கும் கொஞ்சம் மண்ணு கொண்டாடி" என்றாள்.

அந்த அடுத்த தடவை வருவதற்குள் கடல் உயிரியல் மேற்படிப்புக்கு நான் விண்ணப்பம் அனுப்பியிருந்தேன்.