துளசிக்குக் கேள்வி, கிஷனுக்குப் பதில்

பிரமிளா அக்கா ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் பிடித்து, ஜார்ஜ் டவுனில் இருக்கும் எங்கள் பாலர் பள்ளியின் கேட்டைத் திறக்கும்போதே களைத்துப் போயிருப்பார். இருபத்திரண்டு வருடங்களாக ஆறு வயது வகுப்பு அவருடையது. "வாயில விரல்!" என்று ஒருமுறை சொன்னால் போதும், பதினெட்டுப் பிள்ளைகளும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கப்சிப். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஐந்து வயதுகளோடு மாரடிக்கும் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இந்த வருடம் பாடத்திட்டம் மாறியது. பிள்ளைகளே கேட்க வேண்டுமாம், பிள்ளைகளே தேட வேண்டுமாம். ஆசிரியை பதிலைச் சொல்லிவிடக் கூடாதாம். தலைமையாசிரியை அருந்ததி கறாராகச் சொல்லிவிட்டார்.

"வியாழக்கிழமை மேலிடத்துல இருந்து ஸ்ரீகரன் சார் வர்றார். பிள்ளைங்க கேள்வி கேக்கலன்னா, அடுத்த வருஷம் உங்க வகுப்ப வேற டீச்சருக்குக் கொடுத்துருவாங்க. நீங்க மாடி தாஸ்காவுக்குப் போக வேண்டியதுதான்."

தாஸ்கா என்றால் கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்துத் தூங்க வைக்கும் அறை.

பாடம் எறும்பு. திங்கட்கிழமை, "எறும்பப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க," என்றார் அக்கா. ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. செவ்வாயும் அதே கதைதான். பத்து மாதமாக விரல் வைத்துப் பழகிய வாய் ஒரே நாளில் திறக்குமா?

"பதிலச் சொன்னா அஞ்சு நிமிஷத்துல முடியும்லா," என்றார் அக்கா, முட்டியைத் தடவிக்கொண்டே. "இதுங்க கேக்கற வரைக்கும் நான் எத்தன நாள் நிக்கிறது?"

புதன்கிழமை தமக்குத் தெரிந்ததைச் செய்தார். ஆண்டு விழாவுக்கு வசனம் பிரிப்பதுபோல ஒன்பது பிள்ளைகளுக்குக் கேள்வியும் ஒன்பது பிள்ளைகளுக்குப் பதிலும் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

வியாழக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் போனது. துளசியின் முறை வந்தது.

"எறும்பு எங்க தூங்கும்?"

ஸ்ரீகரன் சார் அவள் முன்னால் குனிந்தார். "நல்ல கேள்வி. நீ என்ன நெனைக்கிற?"

துளசி விழித்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு உண்மையைச் சொன்னாள்.

"எனக்குக் கேள்வி மட்டுந்தான் சார். பதில் கிஷனோடது. அவனுக்குக் காய்ச்சல், இன்னிக்கு வரல."

சார் எதையோ எழுதிக்கொண்டார். மத்தியானம் தலைமையாசிரியை, அக்காவைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் தாஸ்கா. 'உங்க வகுப்புதான் அமைதி' என்று இத்தனை வருடமாகப் பெற்றோரிடம் பெருமையடித்தது யார்? இதே அருந்ததிதானே!

அக்கா சண்டை போடவில்லை. பையை மாட்டிக்கொண்டு, வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றார். துளசி சாக்கடை ஓரமாகக் குந்தியிருந்தாள்.

"டீச்சர், இந்த எறும்பு ஏன் செத்துப்போன எறும்பத் தூக்கிட்டுப் போவுது?"

இதை அவளுக்கு யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. பதில் சொல்ல அக்கா வாயைத் திறந்தார்.

"தெரியலையேம்மா."

வலிக்கிற முட்டியை மடக்கி அவரும் பக்கத்தில் குந்தினார். "எங்க கொண்டு போவுதுன்னு பாப்போம் வா."

வேன்காரர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார். அக்கா திரும்பவில்லை. எறும்பு சிமெண்டு விரிசலுக்குள் போன பிறகுதான் துளசியை ஏற்றிவிட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு புள்ள தானா கேட்டது இன்னிக்குத்தான். இனிமே எனக்குத் தூங்குற புள்ளைங்கதான்லா."