எதிராளியின் நாற்காலி

நம்பினால் நம்புங்கள். இது நள்ளிரவில் நடந்ததல்ல. போன ஐப்பசியில், புளியந்தீவில், பட்டப்பகல் இரண்டேகால் மணிக்கு, மூன்று பேர் இருந்த அறையில் நடந்தது.

அன்று மறைமாவட்ட நீதிமன்றத்தில் அஜந்தாவின் வாக்குமூலம். தன் கல்யாணம் செல்லாது என்று திருச்சபை தீர்ப்புத் தர வேண்டும். அதுதான் அவள் வழக்கு. எதிரே நீதிபதியான பாதர். பக்கத்து மேசையில், சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்யப் புஸ்பம் அக்கா, மடிக்கணினியோடு. அஜந்தாவின் அருகே எதிராளிக்கான நாற்காலி, வெறுமையாக. மூன்று அழைப்பாணை போயும் புருசன் நிதுர்ஷன் வரவில்லை.

பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

"கல்யாணத்தண்டு கோயில்ல நீங்க சம்மதம் எண்டு சொன்னீங்கதானே, மகள்?" பாதர் கேட்டார்.

2.20. கரண்ட் போனது. மின்விசிறி நின்றது.

சொட்... சொட்...

திரும்பிப் பார்த்தாள். வெறும் நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாவிச் சேற்று மணம் மூக்கில் ஏறியது. பாதர் தாளைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"சொன்னன் பாதர். மாட்டன் எண்டா தங்கச்சிட முகத்தில அசிட் ஊத்துவன் எண்டவன்..."

ஈரக்கை ஒன்று அவள் வாயைப் பொத்தியது.

மூச்சு முட்டியது...

அந்தக் கை அவளுக்குத் தெரியும். ஐந்து வருடம் அதற்குப் பயந்தவள்.

இனி இல்லை.

கடித்தாள்.

நாக்கில் சேறு கரித்தது. கை விலகியது.

"எழுதுங்க அக்கா! பயத்திலதான் சொன்னன். மனசால ஒருநாளும் சொல்லல்ல!"

பாதர் கேட்கக் கேட்க, அவள் பதில் சொல்லிக்கொண்டே போனாள்.

2.31. மின்விசிறி சுழன்றது. நாற்காலி காய்ந்து கிடந்தது.

மூன்று மணிக்குத் தொலைபேசி வந்தது. வள்ளம் கவிழ்ந்து நிதுர்ஷன் போய்விட்டான். காலையில்தான் வாவியில் உடலை எடுத்தார்களாம். செத்து இரண்டு நாளாம்.

பாதர் மெல்லச் சொன்னார்: "இனி வழக்குத் தேவையில்ல, மகள். நீங்க விதவை. விரும்பினா வேற கல்யாணம் செய்யலாம்."

"நான் அவன்ட விதவையில்ல, பாதர். எனக்குக் கல்யாணமே நடக்கல்ல. அதை எழுத்தில தாங்க. வழக்கை நிப்பாட்டாதீங்க."

மறுநாள் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் போனாள். புஸ்பம் அக்கா தாளை நீட்டினாள். அஜந்தாவின் ஒவ்வொரு பதிலுக்கும் கீழே ஒரே சொல்.

'சொல்லாத.'

ஏழு தடவை.

"காதில விழுறதையெல்லாம் அடிக்கிறதுதானே புள்ள என்ட வேலை. உங்களுக்குப் பக்கத்தில ஒரு ஆம்பிளைக் குரல்... நிமிர்ந்து பாக்கப் பயம். பாதருக்குக் கேக்கவே இல்லையாம். அழிச்சிரவா?"

அஜந்தா பேனையை எடுத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"அழிக்காதீங்க அக்கா. அவன் மிரட்டினவன் எண்டதுக்கு அவன்ட வாயே சாட்சி."

சித்திரையில் தீர்ப்பு வந்தது. செல்லாது.