தூங்குகிறவளுக்கு எதற்குக் காற்று?

ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸுக்கு ராத்திரி என்பது பகலில்தான் வரும். இந்தச் சின்ன விஷயம் அவளுடைய மாமனாரின் மண்டையில் கடைசிவரை ஏறவேயில்லை.

மனிதர் ரிட்டயர் ஆன ஸ்டோர் கீப்பர். வேலைதான் முடிந்தது, காவல் முடியவில்லை. கரண்ட் பில் எகிறிவிட்டதென்று வீடு முழுக்க ரோந்து சுற்றுவார். சார்ஜரைப் பிடுங்குவார். யாராவது ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து யோசித்தால் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலையில் அவள் வந்து, குளித்து, படுத்து, கண் அசந்ததும் பூனை மாதிரி உள்ளே வந்து ஃபேனை அணைத்துவிட்டுப் போவாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வியர்வையில் தொப்பலாக நனைந்து எழுந்து வந்தாள். "என்ன மாமா இது?"

"நீதான் தூங்கிட்டியேம்மா. தூங்குறவளுக்கு எதுக்குக் காத்து? தெரியவா போகுது?"

கணவனிடம் முறையிட்டாள். "வயசானவரு, கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஆபீசுக்குக் கிளம்பினான். அங்கே அவனுக்கு ஏசி. அவளால் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது. அறைக் கதவைத் தாழிட்டுப் பார்த்தாள். கிழவர் மெயினையே இறக்கிவிட்டார்.

தூக்கம் கெட்டவள் வார்டில் நின்றபடியே கண்ணயர்ந்தாள். ஒருநாள், ஒருவருடைய மாத்திரையை இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கப் போனாள். தலைமை நர்ஸ் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா உனக்கு இங்க வேலை கிடையாது."

அன்றிலிருந்து டியூட்டி முடிந்ததும் நர்ஸுகள் உடை மாற்றும் அறையிலேயே, ஃபேனுக்கு நேர் கீழே ஒரு பெஞ்சில் படுத்துக்கொண்டாள். மதியம்வரை அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டு, சமைக்க வீட்டுக்குப் போனாள்.

அடுத்த பில் ஒரு லீவு நாளில் வந்தது. மாமனார் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தியாம்மா! பகல்ல நீ இல்லாததுல எவ்வளவு மிச்சம்! இனிமே அங்கேயே தூங்கிட்டு வந்துடு."

குத்திக் காட்டவில்லை. மனசார, சந்தோஷமாகத்தான் சொன்னார். உள்ளே சோபாவில் இருந்த கணவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரிங்க மாமா. சாப்பாட்டையும் அங்கேயே முடிச்சுக்கறேன். சமைக்கவும் வரல. கேஸும் மிச்சமாகும்."

கணவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். மாமனார் மட்டும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்போ சிலிண்டர் இன்னும் எத்தனை நாளைக்கும்மா வரும்?" என்று ஆசையாகக் கேட்டார்.

அவள் உள்ளே போய், தன் தலையணையை எடுத்துப் பையில் திணித்தாள்.