மச்சினனுக்காக விலைபோன முன்கள வீரன்

வெள்ளிமலைக் கடைகளுக்கு மளிகைச் சாமான் ஏற்றிப்போகும் வேன் என்னுடையது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் செல்போனில் சிக்னல் வரும், போகும். அன்றைக்கு ஒரு வளைவில் ஓரங்கட்டி நிறுத்தி, மனைவியின் அழைப்பை எடுத்தேன்.

"ஏங்க, உங்கள வித்துட்டேன். கோவிச்சுக்காதீங்க, நல்ல கோல்கீப்பர் ஒருத்தன் கெடச்சான்."

அதோடு லைன் போய்விட்டது.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் வேலைக்குப் போன மகன், சின்ன வயதில் ஆடிய கையடக்க வீடியோ கேமை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். அந்தப் பழைய மெஷினுக்கென்றே இப்போது புதிதாகச் செய்த கால்பந்து ஆட்டம் ஒன்றையும் வாங்கி அனுப்பினான். கட்டம் கட்டமான மனிதர்கள், கடுகளவு பந்து. நானும் மனைவியும் ஒரே அணியை மாறி மாறி ஆடினோம். வீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம், மற்ற அணிகளுக்கு விற்கலாம், அங்கிருந்து வாங்கலாம். முன்னால் நின்று கோல் அடிக்கிறவனுக்கு என் பெயர்தான். வேகத்தையும் உதையையும் உச்சத்துக்கு ஏற்றினேன், தலை நிறைய முடியும் வைத்தேன். ஒன்றை ஏற்றினால் இன்னொன்றை இறக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. தெம்பை இறக்கினேன். வெளியே தெரியாத சாமான்தானே!

வெள்ளிமலையில் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, வூட்ல எதுனா ஆயிப்போச்சா?" என்றார்.

"என்ன வித்துட்டாங்கண்ணே."

மேலும் கீழும் பார்த்தார். "யாரு வாங்குனது?"

அக்கறையாகத்தான் கேட்டார். அது எனக்கும் தெரியாது. அவருக்குச் சர்க்கரை மூட்டைக்குப் பதிலாக உப்பு மூட்டையை இறக்கி, திட்டு வாங்கி, மறுபடி ஏற்றினேன். இறங்கும்போது ஒரு வளைவில் இனி அவளோடு பேச்சே இல்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த வளைவில், பேசாவிட்டால் என்னை எப்படித் திரும்ப வாங்குவது என்று பயம் வந்தது. கால்சட்டைக்குள் தொப்பையைத் திணித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஒருவன், கட்டைவிரல் அளவு பொம்மைக்காகக் கண் கலங்கியபடி மலையிறங்கினான்.

வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தேன். "உன்ன நம்பித்தான வுட்டுட்டுப் போனேன்?"

"இடைவேளைக்கு அப்புறம் நடந்துகினே இருக்கீங்க. பந்து காலாண்ட வந்தாலும் எடுக்க மாட்டேங்கறீங்க. நான் இன்னா பண்றது?"

"சரி, திருப்பி வாங்கு."

"முடியாதாம். அதுவே சேவ் பண்ணிக்கிச்சு."

மெஷினைப் பிடுங்கி, புது கோல்கீப்பரைப் பார்த்தேன். அவனுக்கும் பெயர் வைத்திருந்தாள். அவள் தம்பியின் பெயர்! தியாகதுருகத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் மச்சினன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே ஆள் தேடுகிறவன்.

"அவன் பந்த எப்பிடிடி புடிப்பான்?"

"எதுக்குப் புடிக்கணும்? அவன் நின்னா வலைல எடம் ஏது?"

இத்தனை வருஷக் குடும்பத்தில், நானா தம்பியா என்று வந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமலே பதில் வந்துவிட்டது.

சில ஆட்டங்கள் கழித்து, என்னை வாங்கிய அணியோடு மோதும் நாள் வந்தது. என் முறை. மனைவி தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரணிச் சட்டையில், தலை நிறைய முடியோடு, நான் ஓடி வந்தேன். என்ன ஓட்டம்! எங்கள் ஆட்கள் இருவரை ஏமாற்றிவிட்டு நேராக மச்சினன் முன்னால் வந்து நின்றேன். ஒரு பித்தானை அமுக்கினால் போதும், பக்கத்தில் இருந்த தடுப்பாட்டக்காரன் பந்தைப் பறித்துவிடுவான்.

விரலை எடுத்துக்கொண்டேன்.

பந்து மச்சினனின் காலிடுக்கில் புகுந்து வலைக்குள் போனது.

"அப்பிடிப் போடு!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் பின்னால் ஆள் இருப்பது நினைவு வந்தது.

"பட்டனே அமுக்கல நீங்க. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

"விரல் வழுக்கிடுச்சு."

"நீங்க எந்த டீமு?"

மெஷினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த அணியோடு ஆட்டம் என்றால் இப்போதெல்லாம் அவள்தான் ஆடுகிறாள். என்னைப் பக்கத்தில்கூட உட்கார விடுவதில்லை.