வேறு குடிப் பிள்ளை

ஆரையம்பதியில் பாடசாலைச் சீருடை தைக்கவென்றால் புஸ்பம் அக்காவிடம்தான் போவார்கள். ஜனவரி வந்தால் அவருடைய விறாந்தை முழுக்க வெள்ளைத் துணி கிடக்கும். நாற்பத்தொரு வயதில் இடது மார்பை எடுத்த பிறகும் அவர் தையலை விடவில்லை. தாய் நாற்பத்து நான்கில் போனவர், தங்கை முப்பத்தொன்பதில். இருவருக்கும் மார்புப் புற்றுநோய். அக்காவுக்கு நேரத்தோடு கண்டுபிடித்ததால் இன்னும் பதினொரு வருடம் கிடைத்தது. பிறகு ஈரலில் வந்தது. அவர் போய் நான்கு மாதமாகிறது.

2018இல் நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து ஆய்வு உதவியாளராக இருந்தேன். ஒரே குடும்பத்தில் பலருக்கு மார்புப் புற்றுநோய் வந்த வீடுகளைத் தேடி ஒரு மரபணு ஆய்வுக் குழு கொழும்பிலிருந்து வந்தது. நான் அவர்களை அக்காவிடம் கூட்டிப்போனேன். அவருடைய இரத்தத்தில், ஒரு மரபணுவில் ஓரெழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றம் உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் வரும். முன்கூட்டியே தெரிந்தால் வருடாவருடம் பார்த்து, வேண்டுமானால் மார்பை எடுத்துவிட்டு, உயிரோடு இருக்கலாம். ஆகவே இரத்தச் சொந்தம் எல்லாருடைய பெயரையும் எழுதித் தரும்படி கேட்டேன்.

அளவுக் கொப்பியின் கடைசித் தாள்களில் அக்கா முப்பத்தொரு பெயர் எழுதித் தந்தார். தாய், தாயின் சகோதரிகள், அவர்களின் பெண் பிள்ளைகள், அந்தப் பெண்களின் மகள்மார். எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கோயில் திருவிழா உரிமையும் கலியாணமும் அதைப் பார்த்துத்தான். இரத்தச் சொந்தம் என்று கேட்டதற்கு அக்கா தன் குடிப் பெண்களை எழுதித் தந்திருந்தார். நானும் இந்த ஊரான். எனக்கும் அது நிறைவான பட்டியலாகவே தெரிந்தது.

இரத்தம் எடுத்த அன்று, ஊசிக்குப் பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஆர்த்திகா. அக்காவின் அண்ணன் சீனித்தம்பியின் மூத்த மகள், அப்போது இருபத்து நான்கு வயது. அவளுக்கு எடுக்கவில்லையா என்று தாதி கேட்டார்.

"அவ வேற குடி. தாய்ட குடி," என்றார் அக்கா. "எங்கட வருத்தம் அவவுக்கு என்னத்துக்கு?"

"பாத்தீங்களா மிஸ், குடி பாத்துப் பிறந்திருக்கன்," என்றாள் ஆர்த்திகா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பது பேரிடம் அந்த மாற்றம் இருந்தது. மரபணுவைச் சுற்றியுள்ள எழுத்துகள் தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாக மாறிவரும். அந்த ஒன்பது பேரிடமும், அதே பிழை இருந்த வேறு ஊர்க் குடும்பங்களிடமும் அவை எவ்வளவு மாறியிருக்கின்றன என்று ஒப்பிட்டு, பிழை முதன்முதலில் பன்னிரண்டு தலைமுறைக்கு முன், ஒரே ஓர் ஆளிடம் தோன்றியது என்று குழு கணித்தது. அதைச் சொன்னபோது அக்கா, "பாவம், அவளும் மாரில வருத்தத்தோடதான் செத்திருப்பாள்," என்றார். பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை, ஆணாகவும் இருக்கலாம் என்று நான் திருத்தினேன். சொன்ன நானே அதன் பொருளை யோசிக்கவில்லை.

நான்கு வருடத்தில் ஆர்த்திகாவுக்கு நோய் வந்தது. கண்டபோது எலும்பு வரை போயிருந்தது. இரத்தத்தில் அதே எழுத்துப் பிழை.

"அண்ணனுக்கு ஒண்டுமில்லையே தம்பி. அவருக்கூடால எப்படி?" என்று அக்கா கேட்டார். தாயைப் போலவே தகப்பனும் கொடுப்பான், ஆணிடம் அது பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும் என்றேன். பரம்பரையியலில் அது முதல் பாடம்.

"அத ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?"



ஆர்த்திகா பதின்மூன்று மாதம் இருந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அக்கா இன்னொரு பட்டியல் எழுதினார். இந்த முறை ஆண்களின் பிள்ளைகள், இருபத்திரண்டு பேர், வெவ்வேறு குடிகள். வெயிலில் குடையோடு வீடு வீடாகப் போனார். பல வீடுகளில் இருக்கச் சொல்லவில்லை. அவருடைய தாய்மாமனின் மனைவி இரத்தினம்மா படலையிலேயே மறித்தார்.

"உன்ட குடில சாவிருந்தா உன்ட குடியோட வச்சிக்க. எங்கட குமருகள்ற கலியாணத்தக் கெடுக்காத."

"கலியாணம் முடிச்சித்தான் சாகோணுமா மாமி?" என்றார் அக்கா.

ஏழு பேர் இரத்தம் கொடுத்தார்கள். மூன்று பேரிடம் இருந்தது. அக்காவுக்கு மிகவும் வேண்டிய பெயர் மட்டும் வரவில்லை. அது யதுர்ஷிகா, ஆர்த்திகாவின் தங்கை. சீனித்தம்பி விடவில்லை. அவளுக்குப் பார்த்து, இருந்துவிட்டால், மூத்தவளுக்குக் கொடுத்தது தான்தான் என்று ஆகிவிடும். அவர் அப்படிச் சொன்னதில்லை, ஆனால் எங்களுக்கு விளங்கியது. அவர் வாவியில் மீன்பிடிப்பவர். அக்கா விடியப்புறம் போய்த் தோணியடியில் காத்திருப்பார். "மீன் வேணுமெண்டா எடு. கதை மட்டும் வேணாம்," என்பார் அவர். ஈரலில் நோய் வந்து கால் வீங்கிய பிறகும் அக்கா ஓட்டோவில் போய் அங்கே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டது, "யதுவுக்கு எடுத்தாச்சா?" இல்லை என்றேன். ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

அக்காவின் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமையில் சீனித்தம்பி அண்ணன் யதுர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு எடுத்து முடிந்ததும் தன் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"எனக்கும் எடு. முடிவ மட்டும் என்னட்டச் சொல்லாத."

மூத்தவளிடமே பிழை தெரிந்துவிட்டதால் அவருடைய இரத்தம் தேவையே இல்லை. தாதியிடம் எடுக்கச் சொன்னேன்.

நேற்று முடிவுகள் வந்தன. இன்று காலை தோணியடிக்குப் போய், யதுர்ஷிகாவுக்கு அது இல்லை என்று சொன்னேன். அவர் வலையில் சிக்கியிருந்த பாசியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அப்ப மூத்தவளுக்கு மட்டும் என்னெண்டு?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதிதான் அண்ணன். ஒண்டுக்கு வரும், ஒண்டுக்கு வராது."

யாரிடமிருந்து என்று அவர் கேட்கவில்லை. அவருடைய முடிவு இருந்த தாளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.