கண்ணை மூடினால்

செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைக் கூட்டித் துடைப்பவள் பொன்னி. போன வருடம் காய்ச்சலில் படுத்து, நாள்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு எழுந்தபோது தரை பழைய தரையாக இல்லை. முகம் கழுவக் கண்ணை மூடினாலே சாய்ந்தாள்.

"காதுக்குள்ள கொஞ்சம் தண்ணி மாதிரி இருக்கும்மா" என்றார் டாக்டர். "தலை சாஞ்சா அது அசையும். அங்க இருக்கிற மயிரிழைங்க அத மூளைக்குச் சொல்லும். ஊசி மருந்துல உங்களுக்கு ரெண்டு பக்கமும் இழைங்க பட்டுப்போச்சு. இனிமே நிக்க, நடக்கக் கண்ணும் பாதமும்தான் உங்களுக்குச் சொல்லணும். இருட்டுல நடக்காதீங்க."

வேலை போய்விடும் என்று பொன்னி யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதம் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் புருஷன் ஊரில் கூழ் ஊற்றினார்கள். கற்பூரம் காட்டியபோது எல்லோரையும்போலக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். உடம்பு ஆடியது. "அருள் வந்துடுச்சு!" என்று யாரோ கத்த, பம்பை மேளம் வேகம் பிடித்தது. அதுவரை "ஏண்டி" என்று மட்டுமே கூப்பிட்ட நாத்தனார் மணியம்மாள் காலில் விழுந்தாள்.

"எம் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் ஆவும்? சொல்லு தாயே."

பொன்னி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். தையில் கல்யாணம் நடந்துவிட்டது.

பிறகு அவளுக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள். அது பிடித்திருந்தது. இந்த வருடம் திரௌபதி அம்மன் தீமிதிக்கு அவளைக் கேட்காமலே பேர் கொடுத்தார்கள். ஆனால் காப்புக் கட்டக் கையை நீட்டியது அவள்தான்.

பொழுது சாய்ந்தது. குழியில் நெருப்பைப் பரப்பினார்கள். மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலையோடு பொன்னி விளிம்பில் நின்றாள். பாதத்தின் உணர்வை நெருப்பு வாங்கிக்கொள்ளும். கண் மிச்சம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் கட்டியிருந்த டியூப் லைட்டையே பார்த்தாள்.

காற்று திரும்பியது. புகை டியூப் லைட்டை மறைத்தது.

பக்கத்தில் நின்ற மணியம்மாளின் கையைப் பிடித்தாள். "எனக்கு அருள் கிருள் ஒண்ணும் இல்ல அண்ணி. காதுல கோளாறு. கண்ண மூடினா வுழுந்துடுவேன். என்னை வுட்டுடுங்க."

மணியம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஆத்தா சோதிக்கிறா!" என்று கூவினாள். "தள்ளி நில்லுங்க, வழி வுடுங்க!" கையை உருவிக்கொண்டு தலைக்கு மேல் கும்பிட்டாள்.

"கோவிந்தா! கோவிந்தா!" என்று கூட்டம் விலகியது. பிடித்துக்கொள்ள எட்டும் தூரத்தில் இப்போது யாரும் இல்லை. புகையின் எரிச்சலில் பொன்னியின் கண்கள் தாமாக மூடின.

"ஆடறா பாரு, ஆத்தா ஆடறா!"

தான் சாய்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தில் அடித்த சூடு மட்டும் நெருங்கி வந்தது.