அம்மா முன்சீட்டில் உட்கார்ந்த கார்

ராஜபாளையத்தில் ஒரு ஷெட்டில், பழைய கார்களைச் சேகரிப்பவர்களுக்காகச் சிவப்பு நிறக் குட்டிக் கார் ஒன்றைப் புதுசுபோலாக்கி விற்பனைக்கு நிறுத்தியிருந்தார்கள். விற்பவர் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினார். 'கிர்'ரென்ற அந்தச் சத்தம் எனக்கு ஏற்கெனவே பழக்கமானது.

நான் சிறுவனாக இருந்தபோது எதிர்வீட்டு மளிகைக்கடை பாய் வாங்கியதும் இதே மாதிரிக் கார்தான். அம்மாவுக்கு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்திக்குக் கல்யாணம். கூடப்பிறந்தவள் கல்யாணத்தைப் பார்க்க முடியாதோ என்று அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"முன்னால ஏறும்மா. வாந்தி வந்தா வரட்டும், கழுவிக்கிடலாம்" என்றார் பாய். வண்டிக்கு அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்த நாங்கள் மூச்சுவிடாமல் அவளையே பார்த்தோம். ஊர் தாண்டியதும் பாய் கண்ணாடியை இறக்கச் சொன்னார். காற்று முகத்தில் அடித்தது. அம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதையும் திறந்தாள். கோபுரம் தெரிந்தபோது பழத்தை என் மடியில் போட்டுவிட்டாள்.

"என்னண்ணே, அதுக்குள்ள வந்துருச்சு? இன்னொரு சுத்துப் போங்க!"

"ஏம்மா, அங்க தாலியே கட்டிருவாங்க!"

இப்போது ஷெட்டில் நான் கூச்சத்தை விட்டு விற்பவரிடம் கேட்டேன். "எங்கம்மா ஒரு தடவ இதுல உக்காந்து பாக்கலாமா?"

"கூட்டிட்டு வாங்க" என்று சிரித்தார். உடனே அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஏலே, யாரும் வாங்கிட்டுப் போயிராம அங்கனயே நில்லு. சேலைய மாத்திட்டு வாரேன்."